மூன்றாவது இலுப்பை

லோகேஸ்வரன் நெய்த சேலையில் இழை விட்ட இடம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. பிள்ளையார்பாளையத்தில் அவனிடம் சேலை வாங்கும் முதலாளிகளே இதைச் சொல்வார்கள். தறியின் பாவில், நீளவாக்கில், ஆயிரக்கணக்கான இழைகள் ஓடுகின்றன. ஒன்று அறுந்தால் மற்றவர்கள் நாலு விரல் அகலம் நெய்துவிட்ட பிறகு பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். இவன் அறுந்த மாத்திரத்தில் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுவான். பக்கத்தில் உட்கார்ந்து சேலைக் கரைக்குக் குறுக்கு நூல் ஓட்டும் நாடாக் கட்டையைத் தள்ளும் மனைவி காவேரி, "இன்னா, மறுபடியுமா?" என்பாள். அவன் அறுந்த முனையைத் தேடி எடுத்து, அதே நிறத்தில் துண்டு நூல் சேர்த்து முடிபோட்டு, தறியின் அச்சுப் பல்லுக்குள் இழுத்துவிட்ட பிறகுதான் நிமிர்வான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தறியில் உட்கார்ந்தது அந்த வருடமே. அவனுடைய அக்கா புவனேஸ்வரி பக்கத்துத் தெருவில் நாடாவுக்குள் போடும் நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்கிறாள். "எங்க லோகு கண்ணுக்கு ஒரு சந்து தெரிஞ்சா போதும், அன்னைக்கு அவனுக்குச் சோறு எறங்காது" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அவள் சொல்வது பெருமைக்காகத்தான். ஆனால் சொன்னதில் பொய் இல்லை. தோப்பில் அவனை மாட்டிவிட்டதும் இந்தக் குணம்தான்.

செவிலிமேட்டில் பாலாற்றுப் பக்கம் லோகேஸ்வரனின் தெருக்காரர்களுக்குப் பொதுவில் ஒரு நிலம் உண்டு. உற்சவத்தில் சாமி அவர்கள் தெருவில் வந்து நிற்கிற நாளின் செலவுக்காக, மண்டகப்படிக்கென்று யாரோ முன்னோர் எழுதி வைத்தது. வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த குத்தகைக்காரர் விட்டுப்போன பிறகு கோரையும் முள்ளுமாகக் கிடந்தது. தெருச் சங்கத்தின் தலைவர் ராஜவேலு செல்போனில் யாரோ அடர்காடு வளர்க்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு, "நாமளும் ஒரு காடு போட்டா இன்னாபா?" என்றார். வீட்டுக்கு ஒரு மரம் என்று முடிவாயிற்று. பிறந்த குழந்தையின் பேரில் வைக்கலாம், கட்டிக்கொடுத்த பெண்ணின் பேரில் வைக்கலாம், போய்ச் சேர்ந்தவர் பேரிலும் வைக்கலாம். அவரவர் தறியில் மீந்த பட்டு நூலால் கன்றைக் குச்சியோடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்பது அப்போது ஏற்பட்ட வழக்கம். நூலின் நிறத்தைப் பார்த்தே இது இன்னார் வீட்டு மரம் என்று சொல்லிவிடலாம்.

நடுகிற வேலை லோகேஸ்வரனிடம் வந்தது. கயிறு பிடித்து நேர்கோடு போட அந்தத் தெருவில் அவனைவிட்டால் வேறு ஆள் இல்லை. இரண்டு முழத்துக்கு ஒரு குழி. முன்னும் பின்னும், குறுக்கும் நெடுக்கும், எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே கோடு. ஏனாத்தூர் சாலையில் நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் அந்தோணி கன்றுகளைக் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவன், இறங்கி நின்று பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"இன்னாண்ணா இது, காடு மாரி இல்லியே. பாவு ஓட்டி வெச்ச மாரி இருக்குது."

லோகேஸ்வரன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

"கொஞ்சம் நெருக்கம்ணா" என்று அந்தோணி இழுத்தான். "பெரிசாவும்போது நடுவுல சிலத எடுக்கவேண்டி வரும்."

"எதை எடுக்கிறது? ஒவ்வொண்ணும் ஒரு வூட்டோடது" என்றான் லோகேஸ்வரன். அந்தோணி கன்றுகளை இறக்க ஆரம்பித்தான்.

புங்கன், பூவரசு, வேம்பு, நாவல் என்று ஒவ்வொருவரும் ஆசைப்பட்டதை வாங்கி வைத்தார்கள். லோகேஸ்வரன் தன் மகள் பேரில் ஒரு புங்கன் வைத்தான். ராஜவேலு பேரன் விக்னேஷ் பேரில் இன்னொரு புங்கன் வைத்தார். இரண்டுக்கும் நடுவில் இருந்த குழி தில்லையம்மாளுக்கு விழுந்தது.

தில்லையம்மாளின் ஒரே மகன் உதயகுமார் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவன். இரவு வேலை முடிந்து மோட்டார்சைக்கிளில் திரும்பும்போது லாரியில் அடிபட்டு இறந்தான். அவன் பேரில் அவள் இலுப்பை கேட்டாள். இலுப்பை மெதுவாகத்தான் வளரும், ஆனால் வளர்ந்தால் பல தலைமுறை நிற்கும், அதன் கொட்டையிலிருந்து எடுக்கிற எண்ணெய் கோயில் விளக்குக்கு ஆகும் என்பது அவள் கணக்கு. மஞ்சள் நூலால் குச்சியில் கட்டினாள்.

அந்த இலுப்பை முதல் கோடையிலேயே காய்ந்தது. தண்ணீர் இறைக்கும் மோட்டார் புகைந்து நின்றபோது தோப்பில் இன்னும் சில கன்றுகளும் போயின. லோகேஸ்வரனால் அந்தக் காலி இடங்களைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. மோட்டார் சரியான மறுநாளே அந்தோணியிடம் ஓடி, அதே அதே கன்றாக வாங்கிவந்து, அதே அதே குழியில் வைத்துவிட்டான். அறுந்த இழைக்கு முடிபோட்ட மாதிரி வரிசை முழுதாயிற்று. தப்பித்த மரங்கள் அதற்குள் இடுப்புயரம் வந்திருந்தன. புதிதாக வைத்தவை முழங்காலுக்குக் கீழே நின்றன. அதில் என்ன இருக்கிறது, போகப்போகச் சேர்ந்துகொள்ளும் என்று நினைத்தான்.

சேர்ந்துகொள்ளவில்லை. இரண்டு பக்கமும் புங்கன்கள் தலைக்கு மேல் கிளை பரப்பிக் கை கோத்துக்கொண்டன. கீழே இலுப்பை வெளிச்சம் தேடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஊதுவத்திக் குச்சி மாதிரி நீண்டு, இலை சிறுத்துக்கொண்டே வந்து, ஒரு சித்திரையில் கருகிப் போயிற்று.

இரண்டாவதும் போனதும் தெருவில் பேச்சு எழுந்தது. நேராக யாரும் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாயடியில், கோயில் வாசலில், "அவ கைராசி அப்படி, வெச்சா தங்க மாட்டேங்குது" என்று ஒருத்தி ஆரம்பிக்க, இன்னொருத்தி உச்சுக் கொட்டுவாள். அது தில்லையம்மாளின் காதுக்கு வராமல் இருக்குமா? லோகேஸ்வரன் மூன்றாவது இலுப்பையை வாங்கிவந்து அதே குழியில் வைத்த அன்று, முதல் தண்ணீரை அவள் ஊற்றவேண்டும் என்று குடத்தை நீட்டினான். அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நீயே ஊத்துப்பா."

"ஏன் பெரிம்மா, இது உன் மரம்."

"அதாலதான் சொல்றேன். நீயே கட்டு, நீயே ஊத்து. நான் கை வெக்கல."

லோகேஸ்வரனுக்கு அது பொறுக்கவில்லை. "இது நிக்கும் பெரிம்மா. நான் சொல்றேன்ல. நிக்கலன்னா என்னைக் கேளு" என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாள், வரப்பில் நின்று பார்ப்பாள், கிட்டே போகமாட்டாள். "இன்னாபா, எப்படி இருக்குது?" என்று லோகேஸ்வரனைக் கேட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போவாள்.

அவன் சொன்ன வார்த்தை அவனைச் சும்மா இருக்கவிடவில்லை. காலையில் தறிக்குப் போகும்முன் சைக்கிளில் செவிலிமேடு வந்துபோவது பழக்கமாயிற்று. இலுப்பை சாகவில்லை, வளரவும் இல்லை. வைத்தபோது இருந்த இலைகளையே வைத்துக்கொண்டு, இருக்கவா போகவா என்று கேட்கிற மாதிரி நின்றது. வெளிச்சம் இல்லாததுதான் காரணம் என்று அவனுக்குத் தோன்றியது. ராஜவேலுவிடம் கேட்டுக்கொண்டு, மாசியில் இரண்டு புங்கனிலும் ஏறி, நடுவுக்கு நீண்டிருந்த கிளைகளைக் கழித்தான். நடுப்பகலில் இலுப்பையின்மேல் ஒரு பாய் அளவு வெயில் விழுந்தது.

பத்துப் பதினைந்து நாளில் இரண்டு புது இலை வந்தது. காவேரியிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தான். கூடவே அந்த வெயிலைப் பார்த்துப் புல்லும் வந்தது, உண்ணிச்செடியும் வந்தது. பிடுங்கினான். சித்திரை பிறந்ததும் புது இலைகள் மதியத்தில் தொங்க ஆரம்பித்தன. இரண்டு குடம் ஊற்றின இடத்தில் நாலு குடம் ஊற்றினான். மறுநாள் மதியமும் தொங்கின.

"வெயில் இல்லன்னு கெளைய வெட்டின. இப்ப வெயில் தாங்காம தொங்குதுன்ற" என்றாள் காவேரி. "அத்த இன்னாதான் பண்ணச் சொல்ற?"

"அதான் தெரியலியே."

"தெரியலன்னா நாடாவப் போடு. சேல நாளைக்குத் தறியிலருந்து அறுக்கணும்."

தெரிந்தது ஒரு வெறுங்குழியால். தோப்புக்குப் பேர்ப்பலகை வைக்கவேண்டும் என்று ராஜவேலு சாலையோரத்தில், கடைசி வரிசைக்கும் வெகு தள்ளி, ஒரு பெரிய குழி எடுத்து வைத்திருந்தார். பலகை எழுதி வர நாளானதால் குழி தளர்ந்த மண்ணோடு அப்படியே கிடந்தது. தெளிக்கக் கொண்டுபோன தண்ணீரில் மிச்சம் ஒரு குடத்தை லோகேஸ்வரன் ஒரு நாள் அதில் கவிழ்த்துவிட்டுப் போனான். இரண்டு நாள் கழித்து அந்த வழியாக வந்தவன் எதேச்சையாகக் குழிக்குள் விரலை விட்டான். ஈரம் விரலில் ஒட்டியது. நல்ல வெயில் அடிக்கிற இடம், ஒரு குடம்தான் ஊற்றியது. எழுந்துபோய் இலுப்பையின் அடியில் விரலை விட்டான். அங்கே முந்தின நாள் மாலைதான் நாலு குடம் ஊற்றியிருந்தான். மண் பொரி மாதிரி இருந்தது.

வெயில் குடித்திருந்தால் முதலில் அந்தக் குழியைத்தானே குடித்திருக்கவேண்டும்? குந்தி உட்கார்ந்து, இலுப்பைக்கு ஒரு சாண் தள்ளிக் கடப்பாரையால் மெதுவாகத் தோண்டினான். நாலு விரல் ஆழத்தில் கடப்பாரை நாரில் மாட்டிக்கொண்ட மாதிரி நின்றது. கையால் மண்ணைத் தள்ளிப் பார்த்தான். தறிக்குக் கீழே சேர்கிற நூல் சிக்கு போல, மெல்லிய வேர்கள் ஒன்றோடொன்று பின்னி ஒரு மெத்தையே இருந்தது. ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனான். அது ராஜவேலு வீட்டுப் புங்கனில் போய் முடிந்தது. இன்னொன்று அவன் வீட்டுப் புங்கனில். இலுப்பையின் வேர் எது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

வேரில் ஒரு கொத்தைக் கிள்ளிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஏனாத்தூர் சாலைக்குப் போனான். அந்தோணியும் அவன் மனைவி ஷாரோனும் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"இதோ பாருடா அந்தோணி, இத்தனை நாளா யாருக்குத் தண்ணி ஊத்திக்கினு இருந்தேன்னு."

அந்தோணி வேரைப் பிரித்துப் பார்த்தான். "புங்கனுக்குதாண்ணா. நீ ஊத்த ஊத்த அதுக்கு அங்க விருந்து. எங்க ஈரமோ, எங்க எரு இருக்குதோ, அங்கதான வேர் கும்பலா வரும்? நானும் இத்த யோசிக்கல, மேல வெளிச்சந்தான் கொறச்சல்னு நெனச்சேன்."

"இலுப்பை ஏமாந்துட்ச்சு" என்றாள் ஷாரோன். "பெரியவங்க கூட்டத்துல ஒரே தட்டுல கொழந்தைய ஒக்கார வெச்ச மாரி."

"இப்ப இன்னா பண்றது?"

"சுத்தி ஒரு பள்ளம் எடு. இலுப்பைய நடுவுல வுட்டு, ஒரு முழம் தள்ளி, முட்டி ஆழம். குறுக்க வர்ற வேர எல்லாம் அறுத்துடு. தகடு மாரி பிளாஸ்டிக் ஷீட்டு வெச்சு மூடு. அது உள்ள இருக்கிற மண்ணு அதுக்கு மட்டும் ஆவும்" என்றான் அந்தோணி.

லோகேஸ்வரன் அதையே செய்தான். அதோடு நிற்கவில்லை. இரண்டு வரிசை தள்ளி நின்ற, அதே தெருவிலிருக்கும் தினேஷ் வீட்டு நாவலும் அவன் பின்னால் காலி இடத்தில் வைத்ததுதான். அதுவும் இதே போல இழுத்துக்கொண்டிருந்தது. அங்கே மேலே கிளை எதையும் கழிக்கவில்லை. நிழல் நிழலாகவே இருக்கட்டும், வேரை மட்டும் அறுத்துப் பார்ப்போம் என்று அதற்கும் சுற்றிப் பள்ளம் எடுத்தான். ஒரே சமயத்தில் இரண்டையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? தறியில் பிசகு வந்தாலும் அவன் ஒவ்வொன்றாகத்தான் அவிழ்த்துப் பார்ப்பான்.

அக்கினி நட்சத்திரத்தில் தோப்பே வாடிக் கிடந்தபோது அந்த இரண்டு கன்றிலும் இலை தொங்கவில்லை. ஊற்றின தண்ணீர் ஊற்றின இடத்தில் இருந்தது. நாவல் சாகாமல் நின்றது. ஆனால் வெளிறிய இலையோடு, நெட்டையாக, பென்சில் கனத்தில்தான் இருந்தது. இலுப்பை கையளவு இலை விட்டு, தண்டு சுண்டுவிரலிலிருந்து கட்டைவிரலானது.

அந்தோணி வந்து நாவலைப் பார்த்துவிட்டுச் சொன்னான். "இதுக்கு வேர்ல அரிசி வந்துட்ச்சு, மேல அடுப்பு பத்த வெக்கல. இலுப்பைக்கு மாசியில நீ அடுப்பு மட்டும் பத்த வெச்ச, அரிசி இல்ல. இப்பதான் ரெண்டும் சேர்ந்துருக்குது."

அந்த வெள்ளிக்கிழமை தில்லையம்மாள் வரப்பில் நின்று கேட்கும்முன்பே லோகேஸ்வரன், "வந்து பாரு பெரிம்மா" என்று கூப்பிட்டான். இரண்டு மூன்று அடி வந்தாள். புதிய இலைகளைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது" என்றாள். பின் உடனே, "கண்ணு படப்போவுது, சத்தமா சொல்லாத" என்று திரும்பி நடந்தாள்.

கண் பட்டது ராஜவேலுவுடையது. ஆவணியில் அவர் வீட்டுப் புங்கனில் இலுப்பைப் பக்கத்துக் கிளை மஞ்சளடித்தது. அவர் சுற்றிவந்து பார்த்து, பள்ளத்தைக் கண்டுபிடித்து, லோகேஸ்வரனைத் தறியிலிருந்தே எழுப்பி அழைத்துவந்துவிட்டார். தில்லையம்மாளும் அன்று வந்திருந்தாள். அந்தோணி நாவலைப் பார்க்க வந்தவன், நழுவ வழியில்லாமல் நின்றான்.

"இன்னாபா லோகு இது? கெளைய வெட்டிக்கிறேன்னு கேட்ட, சரின்னேன். வேர எப்ப கேட்ட?"

"ஒரு பக்கந்தான் மாமா. மத்த மூணு பக்கமும் வுட்டு வெச்சிருக்கேன். மரம் ஒண்ணும் ஆவாது."

"ஒரு காலு மட்டுந்தான் வெட்னேன், மத்தபடி ஆளு ஷோக்கா இருக்கான்னு சொல்ற மாரி இருக்குது. என் பேரன் பேர்ல வெச்ச மரம்பா அது. அவன் பொறந்த வாரம் வெச்சது. மஞ்சளாப் போச்சுன்னா எங்க வூட்ல இன்னா நெனப்பாங்க?"

"இலுப்பையும் ஒருத்தர் பேர்ல வெச்சதுதான் மாமா."

ராஜவேலு தில்லையம்மாளைப் பார்த்தார். குரல் தானாகத் தணிந்தது. "நான் அத்த இல்லன்னு சொல்லல. ஆனா இனிமே அங்க கடப்பாரை வெக்காத. அவ்ளோதான்."

லோகேஸ்வரன் அந்தோணியைப் பார்த்தான். அந்தோணி தலையைச் சொறிந்தான். "மெய்யாலுமே சொல்லணும்னா லோகுண்ணா, இந்தப் பள்ளம் இந்த வருசத்துக்குத்தான். மழை வந்தா புது வேரு அடியில பூந்து வந்துடும். வெட்டின கெளையும் ரெண்டு வருசத்துல மூடிக்கும். வருசா வருசம் வெட்டிக்கினே இருக்கணும்."

வருடா வருடம் வெட்ட முடியாது என்று ராஜவேலு இப்போதுதான் சொல்லிவிட்டார். லோகேஸ்வரன் தன் வீட்டுப் புங்கனின் அடிமரத்தில் கை வைத்தான்.

"என் புங்கன எடுத்துடறேன்" என்றான். "என் பொண்ணு பேர்ல இருக்கிறதுதான, நானே வெட்டிக்கிறேன். இந்தப் பக்கம் வெளிச்சமும் ஆவும், வேரும் கொறையும்."

"பொண்ணு கேட்டா?" என்றார் ராஜவேலு.

"சொல்லிக்கிறேன்."

"வாணாம்." இது தில்லையம்மாள். "எம் புள்ள பேர்ல ஒண்ணு நிக்கறதுக்கு இன்னொரு வூட்டுக் கொழந்தை பேர்ல இருக்கிறத வெட்டுவியா? நாளைக்கு உன் பொண்ணுக்குத் தலவலின்னாக்கூட என் பேருதான் அடிபடும். எனக்கு ஏற்கெனவே இருக்கிற பேரு போதும்."

"அப்ப இது செத்துப்போவும் பெரிம்மா. உன் கையில ஒரு கொறையும் இல்ல. எடம் அப்படி. முதல்லியே இந்த ரெண்டு பேருக்கு நடுவுல நான் வெச்சிருக்கக் கூடாது."

"இப்பச் சொல்ற. எத்தினி வாட்டி வெச்ச?"

"வரிசை விட்டுப் போவுதேன்னு..."

"வரிசையில வைன்னு நான் கேட்டேனா? நீதான் வரிசை வரிசைன்னு குதிச்ச. இங்க ஆவலன்னா எடுத்து வேற எடத்துல வையேன். மரத்துக்குக் காலு இல்ல, உனக்கு இருக்குதுல்ல?"

ராஜவேலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தோணி சிரிக்கவில்லை. இலுப்பையின் அடியில் போய்க் குந்திக்கொண்டான். "எடுக்கலாம்ணா" என்றான், யோசித்துக்கொண்டே. "நீ சுத்திப் பள்ளம் எடுத்ததால அது வேரெல்லாம் இந்த வட்டத்துக்குள்ளதான் இருக்குது. மண்ணோட சேத்துத் தூக்கலாம். ஆணிவேரு மட்டும்தான் பயம். ஐப்பசி மழையில பண்ணணும். நிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"எங்க வெக்கிறது?" என்றார் ராஜவேலு.

எங்கே என்பது லோகேஸ்வரனுக்கு அப்போதே தெரிந்திருந்தது. சாலையோரத்துக் குழி. பக்கத்தில் எந்த மரமும் இல்லை. காலையிலிருந்து மாலைவரை வெயில். "மாமா, உங்க போர்டு குழிய எனக்குக் குடுத்துடுங்க" என்றான்.

"அப்ப போர்ட எங்கபா வெக்கிறது, என் தலையிலியா?"

"கேட்டுலியே கட்டிக்கலாம்."

ராஜவேலு போ என்கிற மாதிரி கையை வீசினார். அது சம்மதம்தான்.

ஐப்பசியில் அடைமழை விட்ட ஒரு காலை, தில்லையம்மாள் பார்க்க வந்து நிற்க, லோகேஸ்வரனும் அந்தோணியும் வேலையில் இறங்கினார்கள். பள்ளத்தை ஆழப்படுத்தி, அடியில் குடைந்து, ஆணிவேரைக் கூரான கத்தியால் ஒரே வெட்டாக வெட்டினார்கள். ஈரக் கோணிச் சாக்கில் மண்கட்டியைச் சுற்றிப் பழம்புடவையால் இறுக்கிக் கட்டி, சாக்கோடு இரண்டு பக்கமும் லோகேஸ்வரனும் அந்தோணியும் தூக்கினார்கள். சேற்றில் அந்தோணியின் செருப்பு ஒன்று போய்விட்டது. குழிக்குள் இறக்கியபோது மண்கட்டி ஒரு பக்கம் சரிந்தது. அது உடைந்தால் வேர் எல்லாம் போய்விடும். இருவரும் மண்டியிட்டு, மார்போடு அணைத்துக் கட்டியைத் தாங்கிக்கொண்டார்கள். கையை எடுக்க முடியாது. மண்ணைத் தள்ள ஆள் இல்லை.

"பெரிம்மா! மண்ணத் தள்ளு!"

தில்லையம்மாள் குடையோடு நின்றிருந்தாள். அசையவில்லை.

"பெரிம்மா, கை வுட்டுப் போவுது. தள்ளு!"

"நானா?"

"பின்ன, இங்க வேற யாரு இருக்காங்க? அந்தோணிக்குக் கை நாலா?"

குடை கீழே விழுந்தது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையாலேயே மண்ணை வாரிப் போட்டாள். முதலில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டவள், பின் முழங்கையால் இழுத்துத் தள்ளினாள். "இந்தப் பக்கம்... இன்னும்... மிதி, காலால மிதி, கெட்டியா மிதி" என்று லோகேஸ்வரன் சொல்லச் சொல்ல, சுற்றிச் சுற்றி மிதித்தாள். தண்ணீரும் அவளேதான் ஊற்றினாள். குடத்தை யாரும் நீட்டவில்லை.

ஒரு வாரத்தில் இலைகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன. தோண்டி எடுத்த மரம் அப்படித்தான் செய்யும் என்று அந்தோணி சொன்னான். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று, வெறும் குச்சி. லோகேஸ்வரன் தினமும் வந்து பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பான். உள்ளே பச்சை தெரியும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. தோப்புக்குள்ளே, எடுத்த இடத்தில், இரண்டு புங்கனுக்கும் நடுவே ஒரு காலி இடம். முதல் நாட்களில் அந்த வழியாகப் போகும்போது அவன் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான். புவனேஸ்வரி ஒருமுறை தோப்புக்கு வந்தவள், "இன்னாடா லோகு, இங்க ஒண்ணு வுட்டுப் போச்சே, ஒரு கன்னு வாங்கி வையேன்" என்றாள்.

"வாணாம்க்கா. அது இருக்கட்டும்."

அக்கா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், ஜுரமா என்று.

தினேஷ் வீட்டுக்காரர்களும் அடுத்த மழையில் நாவலை வெளியே எடுத்து வைக்கச் சம்மதித்துவிட்டார்கள். பின்னால் இடைச்செருகலாக வைத்த மற்றக் கன்றுகளையும் லோகேஸ்வரன் அதே போல ஒவ்வொன்றாக ஓரத்துக்குக் கொண்டுவரப் போகிறான். சாலையோரமாக இப்போதே குழிகள் எடுத்துவிட்டான். ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி என்று கேட்டால், "பெரிசானா கெளை எங்க வருமோ, அதுக்கு அந்தப் பக்கம்" என்கிறான். கயிறு பிடிக்கவில்லை.

பங்குனியில் இலுப்பையின் நுனி மொட்டுகள் உடைந்தன. செம்புப் பாத்திரத்தைப் புளிபோட்டு விளக்கின நிறத்தில் இலை விரிந்தது. ஒரு கிளையில் வந்தது. பிறகு எல்லாக் கிளையிலும் வந்தது. சித்திரை வெயிலில் அந்த இலைகள் பச்சையாயினவே தவிர, ஒன்றும் தொங்கவில்லை. அடுத்த மழைக்குள் தில்லையம்மாளின் தோளைத் தொட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமைகளில் அவள் வந்துகொண்டுதான் இருந்தாள். ஆட்டுக்கு எட்டாதபடி முள் அடைத்தாள். அதிகம் தண்ணீர் ஊற்றுகிறான் என்று லோகேஸ்வரனைத் திட்டினாள். ஒரு வெள்ளிக்கிழமை அவன் சாலையோரம் நின்றிருந்தபோது டவுன் பஸ் வந்தது. அவள் இறங்குவாள் என்று பார்த்தான். பஸ் நின்று கிளம்பிவிட்டது. ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள், மடியில் காய்கறிப் பையோடு. இலுப்பையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"இறங்கலியா பெரிம்மா?" என்று கத்தினான்.

"இங்கருந்தே தெரியுதே!" என்று அவளும் கத்தினாள். "தங்கச்சி வூட்டுக்குப் போறேன், நேரமாச்சு."